விடுதி வீடானதும் வீடு விடுதியாவதும்: கிரனாதா நகரில் மலிவான தங்குமிடத்தின் வரலாறு

தென் ஸ்பெயினின் கிரனாதா நகரில் ‘கோமேரெஸ் ஏற்றம்’ என்றொரு குறுகிய தெரு உண்டு. நகரின் மையச் சதுக்கம் ஒன்றில் தொடங்கி, அல்ஹம்பிரா கோட்டையைச் சூழ்ந்த சோலைக்குள் ஏறி முடிகிறது. வட ஆப்பிரிக்கப் பெர்பர் இனக்குழுக்களில் ஒன்றான குமாராவின் பெயரே திரிந்து இத்தெருவின் பெயராயிற்று. இன்று குறைந்த வாடகையில் அறை தேடுவோர் நாடிச் செல்லும் தெருக்களுள் இதுவும் ஒன்று. ஸ்பெயின் நகரங்களில் விடுதிகளின் கதவருகே நீலநிறப் பலகையில் வெள்ளை எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எச்’ எனில் ஹோட்டல். அதனுடன் சிறிய ‘எஸ்’ சேர்ந்தால் ஒஸ்தால். ‘பி’ எனில் பென்சியோன். பழைய வகைப்பாட்டில் ‘சி-எச்’ எனில் விருந்தினர் இல்லம். ‘எஃப்’ எனில் ஃபோந்தா. பட்டியலின் கடைநிலையில் இருந்தவை பின்னிரண்டும். அந்தலூசியாவின் இன்றைய அதிகாரப்பூர்வ வகைப்பாட்டில் அவை இரண்டுக்கும் இடமில்லை.

பயணிக்கு இவ்வெழுத்துகள் வாடகையைக் குறிக்கின்றன. மொழியியல் மாணவருக்கோ இவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கால மண்ணடுக்குகள். இலத்தீன், கிரேக்கம், அரபு, ஜெர்மானியம், பிரெஞ்சு என வெவ்வேறு மொழிகளில் பிறந்த சொற்கள் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. அரசர்களின் வரலாற்றையும் அரண்மனைகளின் வரலாற்றையும் நாம் நிறையப் படித்துவிட்டோம். கையில் அதிகப் பணமின்றி ஒரு நகருக்கு வந்துசேர்ந்தவர் அன்றிரவு எங்கே படுத்தார் என்ற கேள்வி அவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

இப்பதிவில் நான் நிறுவ முயல்வது ஒன்றே. கிரனாதாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் விடுதியாகக் கட்டப்பட்ட கட்டடம் ஏழைகளின் வீடாக மாறியது. இன்று அந்நகரில் ஏழைகளின் வீடுகள் விடுதிகளாக மாறுகின்றன. இவ்விரு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘மலிவான தங்குமிடம்’ என்பது யாருக்கு மலிவு, அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பது விளங்கும்.

*

முதலில் ஃபோந்தா என்னும் சொல். அதன் மூலம் கிரேக்கம். ‘பந்தொகேயோன்’ என்பதில் ‘பான்’ என்றால் எல்லாம். பின்பகுதி ‘ஏற்றுக்கொள்’ என்னும் வினையிலிருந்து வந்தது. எல்லோரையும் ஏற்கும் இடம் என்பது சொற்பொருள். லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் கொண்டுசேர்க்கும் இடம் இதுவே. தமிழ் விவிலியம் இதைச் சத்திரம் என்கிறது. சமாரியன் விடுதிக்காரனிடம் கொடுத்தது இரண்டு தெனாரியஸ். ஒரு தெனாரியஸ் அன்றைய கூலியாளின் ஒருநாள் ஊதியம் என்பது மத்தேயு நற்செய்தியின் மற்றோர் உவமையிலிருந்து தெரிகிறது. எளியவர் தங்கும் விடுதிக்கும் கட்டணம் உண்டு, கடன் உண்டு, திரும்பி வந்து மீதியைத் தருவேன் என்ற வாக்குறுதியும் உண்டு என்பதை அவ்வுவமை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

இச்சொல் அரமேயத்திலும் எபிரேயத்திலும் ‘பந்தக்’, ‘புந்தக்’ என வழங்கி, அரபியில் ‘ஃபுந்துக்’ ஆயிற்று. இஸ்லாமிய ஆட்சி பரவிய மத்தியதரைக் கடற்கரை முழுவதும் இச்சொல்லும் இந்நிறுவனமும் பரவின. இந்தப் பயணத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஒலிவியா ரெமி கான்ஸ்டபிள். 2003இல் வெளியான அவருடைய நூல், அயலாருக்கு இடமளித்தல் என்பதை மத்தியதரை வரலாற்றின் மையக் கேள்விகளுள் ஒன்றாக நிறுத்தியது.

ஃபுந்துக் வெறும் படுக்கையிடம் அன்று. வணிகர் தம் சரக்கோடு வந்து தங்குவர்; அச்சரக்கு அங்கேயே எடைபோடப்படும், விற்கப்படும், வரிக்கு உட்படும். ஆகவே ஃபுந்துக்கில் தங்குவது அரசின் பார்வைக்குள் தங்குவதும் ஆகும். 12ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, அல்மெரீயா துறைமுகத்தில் வரிப் பதிவேட்டில் கணக்கெடுக்கப்பட்ட ஃபுந்துக்குகள் ஆயிரத்துக்கு முப்பது குறைவு, அதாவது 970 என்று எழுதுகிறார். எண் மிகையாக இருக்கலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பயணியின் வியப்பிலிருந்து வந்த எண் அன்று அது. வரி அலுவலகத்தின் ஏட்டிலிருந்து வந்தது.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் செவீயாவில் சந்தை ஒழுங்குகளைப் பற்றி எழுதிய இப்னு அப்தூன், வணிகரும் வெளியூராரும் தங்கும் ஃபுந்துக்குகளின் பொறுப்பில் பெண்ணை அமர்த்தக்கூடாது என்று கண்டிப்புடன் கூறுகிறார். ஒழுக்கக்கேட்டுக்கு அது வழிவகுக்கும் என்பது அவர் கவலை. விதிநூல்களைப் படிப்போர் அறிந்த ஒரு பாடம் இங்கும் பொருந்தும். நடைமுறையில் இல்லாத ஒன்றை யாரும் தடைசெய்வதில்லை. பெண்கள் விடுதிகளை நடத்தினர் என்பதற்கு அவருடைய தடையே சான்று.

*

இப்பின்னணியோடு கிரனாதாவுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 1492 வரை அது நஸ்ரிய அரசர்களின் தலைநகரம். ஐபீரியத் தீபகற்பத்தில் எஞ்சியிருந்த கடைசி இஸ்லாமிய அரசு அதுவே. பட்டு வணிகம் அந்நகரின் உயிர்நாடி. ஜெனோவா வணிகருக்கு அங்கே தனி ஃபுந்துக் இருந்தது. நகரின் நடுவே தாரோ ஆறு ஓடியது. ஆற்றின் ஒரு கரையில் பட்டுக் கடைத்தெரு. மறுகரையில், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு பெரிய ஃபுந்துக் கட்டப்பட்டது. இரண்டையும் ஒரு பாலம் இணைத்தது. அரபியில் அதன் பெயர் ‘அல்-ஃபுந்துக் அல்-ஜதீதா’, அதாவது புதிய விடுதி. இன்று அதன் பெயர் ‘கொர்ரால் தெல் கார்போன்’, கரி முற்றம். நஸ்ரியக் காலத்து ஃபுந்துக்குகளுள் ஸ்பெயினில் முழுமையாக எஞ்சி நிற்பது இது ஒன்றே.

கட்டடத்தின் அமைப்பு அதன் வேலையைத் தெளிவாகச் சொல்கிறது. தெருவை நோக்கிக் குதிரை இலாட வடிவில் உயர்ந்த வளைவு, நுண்ணிய சுதைவேலை, குர்ஆன் வாசகப் பொறிப்பு. நுழைந்தவுடன் சதுர முற்றம், நடுவே நீர்த்தொட்டி. முற்றத்தைச் சுற்றி மூன்று தளங்கள். கீழ்த்தளம் பொதிவிலங்குகளுக்கும் சரக்குக்கும், மேல்தளங்களின் சிறு அறைகள் மனிதர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. வாயில் ஒன்றே. உள்ளே வரும் ஒவ்வொரு பொதியும் ஒவ்வொரு மனிதரும் அந்த ஒற்றை வாயிலைக் கடந்தாக வேண்டும். வாயிலின் அழகு வரவேற்புக்கு. வாயில் ஒன்றாக இருப்பது கண்காணிப்புக்கு.

1492 ஜனவரியில் நகரம் கத்தோலிக்க அரசர்களான இசபெல்லா, ஃபெர்நாந்தோ ஆகியோர் கைக்கு வந்தது. 1494இல் அவர்கள் இக்கட்டடத்தைத் தம் பணியாளரான ஹுவான் தெ அரானா என்பவருக்கு வழங்கினர். அவருடைய மறைவுக்குப் பின் அது ஏலத்துக்கு வந்தது. நகருக்குக் கரி கொண்டுவந்த வணிகர் அங்கே தங்கினர். கரியும் அங்கே எடைபோடப்பட்டது. இன்றைய பெயர் அதனால் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் முற்றம் நாடக அரங்காகவும் பயன்பட்டது. பிறகு நீண்ட காலம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, அது பல ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பாக இருந்தது.

‘கொர்ரால்’ என்னும் ஸ்பானியச் சொல்லே இம்மாற்றங்கள் அனைத்துக்கும் இடம் தருகிறது. கால்நடைகளை அடைக்கும் பட்டி கொர்ரால். பொற்கால ஸ்பெயினின் திறந்தவெளி நாடக அரங்கு கொர்ரால். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் ஏழைக் குடியிருப்பும் கொர்ரால். கிரனாதாவின் இந்த ஒரு கட்டடம் அம்மூன்று பொருளையும் தாங்கியிருக்கிறது.

*

கட்டடம் இவ்வாறு மாறியபோது சொல்லும் சிதறியது. அரபு ஃபுந்துக் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தபோது அதன் பணிகள் பிரிந்து, ஒவ்வொரு மொழியும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டது. இத்தாலியத்தில் ‘ஃபோந்தாகோ’ பண்டகசாலை ஆயிற்று. வெனிஸ் நகரில் ஜெர்மானிய வணிகருக்கென இருந்த ஃபோந்தாகோ பெயர்பெற்றது. ஸ்பானியத்தில் அரபுச் சுட்டிடைச்சொல்லான ‘அல்’லோடு சேர்ந்து ‘அலோந்திகா’ ஆகி, பொதுத் தானியக் களஞ்சியத்தைக் குறித்தது. மெக்சிகோ விடுதலைப் போரின் தொடக்கத்தில், 1810 செப்டம்பரில், கிளர்ச்சியாளர் தாக்கிய குவானஹுவாதோ நகரத்துக் கட்டடமும் ஓர் அலோந்திகாவே. போர்த்துகீசியத்தில் அச்சொல் ‘அல்ஃபாந்தெகா’ என்றாகிச் சுங்கச்சாவடியைக் குறித்தது. போர்த்துகீசியருடன் அது இந்தியக் கரைக்கும் வந்தது. இந்தியாவில் வழங்கிய ஐரோப்பியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் ‘அல்ஃபாந்திகா’ என்ற பதிவு இடம்பெற்றுள்ளது.

கண்காணிப்பைப் போர்த்துகீசியமும், சரக்கை இத்தாலியமும், தானியத்தை அலோந்திகாவும் எடுத்துச்சென்ற பிறகு எஞ்சியது படுக்கையும் உணவும். அவற்றைப் பெற்றது, ‘அல்’ இல்லாமல் வழங்கிய ‘ஃபோந்தா’ என்னும் வடிவம். ஒரு சொல் எங்கெல்லாம் எப்படியெல்லாம் பிரிந்தது என்பதைக் கண்டால், மூல நிறுவனத்தில் அவை அனைத்தும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தன என்பது புலப்படும். வெளியூரானுக்குப் படுக்கை தரும் கையும் அவனைக் கணக்கில் வைக்கும் கையும் ஒரே கை.

யார் வெளியூரான் என்பதையும் அரசாணையே தீர்மானித்தது. நகரின் முஸ்லிம்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். மோரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் 1568இல் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை ஒட்டி, கிரனாதா மோரிஸ்கோக்கள் ஆயிரக்கணக்கில் காஸ்தீலின் பிற பகுதிகளுக்கு வெளியேற்றப்பட்டனர். அல்ஹம்பிராவுக்கு எதிரே உள்ள அல்பைசீன் குன்றின் தெருக்கள் வெறிச்சோடின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் வெளியாரானார்கள். நகரின் வரலாற்றில் இது ஒரு பெரும் வெளியேற்றமாகப் பதிவாகியுள்ளது. கடைசியாக அமையவில்லை.

*

அரபுக் கிளைக்கு இணையாக இலத்தீன் கிளை ஒன்றும் கிரனாதாவில் ஓடுகிறது. இலத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்றால் விருந்தளிப்பவர், விருந்தினர் என இருவரையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ‘ஹோஸ்பிதாலே’ என்ற சொல் மூன்று வழிகளில் ஸ்பானியத்துக்கு வந்தது. கற்றோர் வழியாக வந்த வடிவம் ‘ஒஸ்பிதால்’, மருத்துவமனை. மக்கள் வழக்கில் தேய்ந்த வடிவம் ‘ஒஸ்தால்’, எளிய விடுதி. பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த வடிவம் ‘ஒதெல்’, நாம் ஹோட்டல் என்பது. கோமேரெஸ் ஏற்றத்தில் ‘எச்’ எழுத்தும் அதன் அருகே சிறிய ‘எஸ்’ சேர்ந்த எழுத்தும் இருவேறு விலைகளைக் குறிக்கின்றன. சொற்பிறப்பில் அவை உடன்பிறந்தவை.

இம்மூன்றும் ஒன்றாக இருந்த காலத்தின் சாட்சிகள் கிரனாதாவில் உள்ளன. 1504இல் கத்தோலிக்க அரசர்கள் நிறுவிய அரச மருத்துவமனைக் கட்டடத்தில் இன்று கிரனாதா பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இயங்குகிறது. போர்ச்சுகலில் பிறந்து கிரனாதாவில் புத்தக வணிகராக இருந்த ஹுவான் தெ தியோஸ், பித்தர் எனக் கருதப்பட்டு அந்த மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். வெளியே வந்த பின், 1539இல் அவர் தாமே ஓர் இல்லம் தொடங்கினார். நோயாளி, முடவர், அநாதை, வழிப்போக்கர் என எல்லோரும் அதில் இடம்பெற்றனர். பந்தொகேயோன் என்னும் கிரேக்கச் சொல் எதைச் சொன்னதோ அதை ஒரு போர்த்துகீசியர், தாமும் ஓர் அயலாராக இருந்துகொண்டு, கிரனாதாவில் செய்து காட்டினார். 1550இல் அவர் மறைந்தார். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சாலையோர விடுதிகளின் கதை வேறு. ‘மெசோன்’, ‘பொசாதா’, ‘வென்தா’ என அவற்றுக்குப் பல பெயர்கள். 1605இல் வெளியான தோன் கிஹோத்தே நாவலில் விடுதிக் கட்டணம் ஒரு நகைச்சுவைப் பொருள். வென்தாவைக் கோட்டை என்று மயங்கும் நாயகன், வீரர்கள் எங்கும் கட்டணம் செலுத்தியதாக நூல்களில் இல்லை என்று வாதிட்டுப் பணம் தராமல் போய்விடுகிறான். அதன் விளைவை அனுபவிப்பவன் பணியாள் சான்ச்சோ. அவனைப் போர்வையில் வைத்து மேலே தூக்கியெறிந்து பந்தாடுகிறார்கள். சலுகை ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு என்னும் இந்த ஏற்பாடு நாவலோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

மெசோன் என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். இலத்தீனில் ‘மான்சியோ’ என்றால் தங்குதல், தங்குமிடம். உரோமானியர் நெடுஞ்சாலைகளில் அமைத்த தங்கல் நிலையங்களுக்கும் அதுவே பெயர். அதே சொல் ஸ்பானியத்தில் மெசோன் என்றாகி விடுதியைக் குறித்தது; பிரெஞ்சில் ‘மெசோங்’ என்றாகி வீட்டைக் குறித்தது. தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. வீடு, விடுதி இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே வினையடியில் பிறந்தவை. மொழிகளின் நினைவில் வீட்டுக்கும் விடுதிக்கும் இடையே உள்ள சுவர் மெல்லியது. அச்சுவர் எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்பதை மொழி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது வாடகை.

*

19ஆம் நூற்றாண்டில் கிரனாதாவுக்கு ஒரு புதுவகைப் பயணி வந்தார். வணிகமோ யாத்திரையோ அவர் நோக்கமில்லை, பார்ப்பதற்காகவே வந்தார். 1829இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அல்ஹம்பிரா அரண்மனைக்குள்ளேயே சில வாரங்கள் தங்கினார். ஆளுநரின் இசைவோடு அறை கிடைத்தது. அரண்மனையைப் பராமரித்துவந்த அந்தோனியா என்ற பெண்மணியின் குடும்பம் அவர் உணவையும் தேவைகளையும் கவனித்தது. அப்போது அல்ஹம்பிராவின் கோட்டைக்குள் ஏழைகள் பலர் குடியிருந்தனர். அவர்களிடம் கேட்ட கதைகளும் சேர்ந்தே 1832இல் வெளிவந்த அவருடைய நூல் உருவாயிற்று. அல்ஹம்பிராவை உலகப் பயணிகளின் இலக்காக்கியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. கதை சொன்னவர்கள் வாழ்ந்த அக்குடியிருப்புகள் பின்னர் நினைவுச்சின்னத்துக்காக அகற்றப்பட்டன.

1830களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ரிச்சர்ட் ஃபோர்டும் குடும்பத்தோடு அல்ஹம்பிராவில் தங்கினார். 1845இல் அவர் வெளியிட்ட ஸ்பெயின் பயணக் கையேடு, விடுதிகளைத் தரவரிசைப்படுத்தி விளக்குகிறது. அவ்வரிசையில் ஃபோந்தாவே மேலிடத்தில் இருந்தது. பொசாதாவும் வென்தாவும் அதற்குக் கீழே. அச்சொல்லின் அரபு மூலத்தையும் ஃபோர்டு அறிந்திருந்தார். இதே காலத்தில், 1833இல், மரியானோ ஹோசே தெ லார்ரா புதிய ஃபோந்தா பற்றி எழுதிய எள்ளல் கட்டுரையில் ஃபோந்தா என்பது முதன்மையாக உணவுக்கூடம். இந்தியாவில் வாழும் நமக்கு இப்பொருள்மாற்றம் பழக்கமானது. நம் தெருக்களில் ‘ஹோட்டல்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டால் நாம் அறை கேட்பதில்லை, சாப்பாடு கேட்கிறோம்.

ஃபோந்தாவின் உயர்வு நிலைக்கவில்லை. பிரெஞ்சு வழி வந்த ஹோட்டல் என்ற சொல் வசதியின் அடையாளமாயிற்று. 1910இல் அல்ஹம்பிரா குன்றில் அரண்மனைப் பாணியில் ஒரு பெரிய ஹோட்டலை மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோ திறந்துவைத்தார். ஃபோந்தா படிப்படியாகச் சரிந்து, நீலப் பலகையின் கடைசி எழுத்தாயிற்று.

எதிர்த்திசையில் பயணித்த சொல்லும் உண்டு. ‘பராதோர்’ என்றால் நின்று செல்லும் இடம். கழுதை, கோவேறு கழுதை ஓட்டிவரும் சுமைகாரர் தங்கிய தொழுவத்தோடு கூடிய விடுதிக்கு வழங்கிய பெயர். 1928இல் அரசு கிரேதோஸ் மலையில் முதல் அரசுப் பராதோரைத் திறந்தது. தொடர்ந்து கோட்டைகளும் மடங்களும் பராதோர்களாயின. கிரனாதாவின் பராதோர் 1945இல் அல்ஹம்பிராவுக்குள் உள்ள பழைய சான் ஃபிரான்சிஸ்கோ மடத்தில் தொடங்கப்பட்டது. அந்த மடம் ஒரு நஸ்ரிய மாளிகையின்மேல் எழுந்தது. இசபெல்லாவின் உடலும் ஃபெர்நாந்தோவின் உடலும் 1521 வரை அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தன. சுமைகாரரின் சொல் இன்று கிரனாதாவின் மிக விலையுயர்ந்த தங்குமிடங்களுள் ஒன்றின் பெயர். சுமைகாரர் அங்கே தங்க இயலாது.

*

மீண்டும் கரி முற்றத்துக்கு வருவோம். 1918இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அல்ஹம்பிராவின் பாதுகாப்புக் கட்டடக்கலைஞராக 1923 முதல் 1936 வரை பணியாற்றிய லெயோபோல்தோ தோர்ரெஸ் பல்பாஸ் அதைச் சீரமைத்தார். பிற்காலச் சேர்க்கைகளையும் தடுப்புகளையும் நீக்கி, 14ஆம் நூற்றாண்டின் ஃபுந்துக் மீட்கப்பட்டது. இன்று முற்றத்தில் இசை, நடன நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அப்பணியின் அருமையைக் குறைத்து மதிப்பிட இயலாது. அவர் இல்லையெனில் நஸ்ரிய ஃபுந்துக் ஒன்றைக்கூட நாம் கண்ணால் கண்டிருக்க மாட்டோம்.

ஆயினும் மீட்புப்பணி அகற்றிய அந்தத் ‘தடுப்புகள்’ யாவை? பல தலைமுறைக் குடும்பங்களின் அறைச் சுவர்கள், அடுப்படிகள். கட்டடத்தின் ஏறத்தாழ இரு நூற்றாண்டு இஸ்லாமிய விடுதி வாழ்வு வரலாறு எனக் கொள்ளப்பட்டது. அதைவிட நீண்ட குடியிருப்பு வாழ்வு சிதைவு எனக் கொள்ளப்பட்டது. நாம் சுற்றிப் பார்க்கும் வெற்று முற்றம் ஒரு காலத்தின் உண்மை. இன்னொரு காலத்தின் அழிப்பு. பாதுகாப்பியல் படிப்போர் இதைத் தீர்க்க முடியாத சிக்கலாகவே கையாள வேண்டும். எளிதான விடை இருப்பதாகக் காட்டுவது நேர்மையாகாது.

இச்சிக்கல் இன்று ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. அல்ஹம்பிராவும் ஹெனெராலிஃபேயும் 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1994இல் அல்பைசீன் குன்றும் அதனுடன் சேர்க்கப்பட்டது. அல்ஹம்பிராவைக் காண ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். நகரின் மக்கள்தொகையோ இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. வருவோர் எல்லோரும் பராதோரில் தங்க இயலாது. மலிவான அறையின் தேவை பெரிது. அத்தேவையை நிறைவுசெய்வதில் நீலப் பலகை விடுதிகளோடு இப்போது சாதாரண வீடுகளும் போட்டியிடுகின்றன.

அந்தலூசிய அரசு 2016இல் வெளியிட்ட ஆணை இவ்வீடுகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. அதில் அவற்றுக்கு இட்ட பெயர் ‘சுற்றுலா நோக்கிலான விவியெந்தா’. விவியெந்தா என்பது ‘வாழ்’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். வாழுமிடம், குடியிருப்பு என்று பொருள். ஃபுந்துக், மெசோன், பொசாதா, ஒஸ்தால் ஆகிய எல்லாச் சொற்களும் தங்கிச் செல்பவருக்காகப் பிறந்தவை. நிலையாக வாழ்பவருக்கெனப் பிறந்த சொல்லே தங்கிச் செல்பவரின் பெயர்ப்பலகையில் ஏறியிருப்பதை இவ்வாணையில் காண்கிறோம். நான் அறிந்தவரை கிரனாதாவின் இந்தச் சொல்வரிசையில் இது புதிய திருப்பம்.

இதன் விளைவைச் சுமப்பவர் யார்? அல்பைசீனின் வாடகைக் குடியிருப்பாளர். நகரின் கடைகளிலும் விடுதிகளிலும் உழைத்து அந்நகரிலேயே வீடு பெற இயலாதவர். சாக்ரோமோந்தே குன்றின் குகை வீடுகளில் வாழ்ந்தவர். அக்குகைகளில் ஹிதானோ மக்கள் உள்ளிட்ட ஏழைகள் வாழ்ந்துவந்தனர். 1960களின் தொடக்கத்தில் பெய்த பெருமழைக்குப் பின் பலர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். இன்று அக்குகைகளில் சில பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. மாணவர்களும் இப்பட்டியலில் உண்டு. 1531இல் தொடங்கிய கிரனாதா பல்கலைக்கழகம், ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மிக அதிகமானோரை ஈர்க்கும் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. ஆண்டு முழுவதும் தங்க வரும் மாணவரும் மூன்று இரவு தங்க வரும் பயணியும் ஒரே அறைக்காகப் போட்டியிடும்போது வெல்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது கிரனாதாவின் தனிச்சிக்கலும் அன்று. 2024இல் ஸ்பெயினின் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினர். பார்செலோனா நகராட்சி அங்குள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

*

மலிவான தங்குமிடத்தைத் தேடும் பயணியைக் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் தவறு. பணமில்லாதவர் பயணம் செய்யவே கூடாது என்பது அதன் மறைமுக முடிவு. ஆவணக்காப்பகங்களையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்லும் ஆய்வு மாணவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நகரின் கடைசி எழுத்துப் பலகையை நம்பியே செல்கிறோம். எல்லோரையும் ஏற்கும் இடம் என்ற கிரேக்கச் சொல்லின் கனவு கைவிடத் தக்கதன்று.

கேட்க வேண்டிய கேள்வி, அந்த மலிவு எப்படிச் சாத்தியமாகிறது என்பது. நஸ்ரிய ஃபுந்துக்கில் அறைகள் தங்குவதற்கென்றே கட்டப்பட்டன. அதன் வருவாயும் கண்காணிப்பும் வெளிப்படையாக இருந்தன. ஹுவான் தெ தியோஸின் இல்லத்தில் செலவைக் கொடையாளர் ஏற்றனர். கோமேரெஸ் ஏற்றத்தின் பழைய விருந்தினர் இல்லங்களில் குடும்பம் ஒன்று தானும் அங்கேயே வாழ்ந்து, இரண்டொரு அறைகளை வாடகைக்கு விட்டது. இம்மூன்றிலும் படுக்கையைத் தந்தவர் அந்நகரில் தொடர்ந்து வாழ்ந்தார். இன்றைய ஏற்பாட்டில், படுக்கை கிடைப்பதற்கே ஒருவர் நகரைவிட்டு நீங்க வேண்டியிருக்கிறது. வேறுபாடு இதுதான்.

வரலாற்று மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது சிறிது உண்டு. நினைவுச்சின்னங்களைப் படிக்கும்போது அவற்றில் குடியிருந்தவர்களையும் படிக்கலாம். வாடகைப் பத்திரங்கள், நகராட்சிக் குடிக்கணக்குகள், விடுதிப் பதிவேடுகள், வழக்குமன்ற ஏடுகள் ஆகியவற்றை அரண்மனைக் கல்வெட்டுகளுக்கு நிகரான சான்றுகளாக எடுத்துக்கொள்ளலாம். கரி முற்றத்தின் வாயில் வளைவில் உள்ள குர்ஆன் வாசகம் படிக்கப்பட்டுவிட்டது. மேல்தள அறைகளில் பல தலைமுறைகள் வாழ்ந்த குடும்பங்களின் வரலாறு அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். அது எழுதப்பட்டால், ஒரு விடுதி எத்தனை பேருக்கு வீடாக இருந்தது என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்ட நகரம், தன் வீடுகளை விடுதிகளாக்கும் முன் ஒருமுறையேனும் கணக்குப் பார்க்கும்.